வாயசைத்தால் போதும்

அல்லிக்குளத்தில் பாட்டு வகுப்புகளுக்குக் குறைவே கிடையாது. கிழக்குக் கரையில் தவளை வித்வான் தொந்தியப்பர் சொல்லிக்கொடுத்தார். மேற்குக் கரையில் மைனா டீச்சர் வடிவாம்பாள் சொல்லிக்கொடுத்தாள். இருவரும் நேரில் பார்த்தால் நலம் விசாரிப்பார்கள். முதுகு திரும்பினால் விசாரிப்பு வேறு மாதிரி இருக்கும்.

மழை ஓய்ந்து அல்லி பூத்ததும் குளக்கரையில் இசைவிழா நடக்கும். தண்ணீர் ஓரத்துப் பாறைதான் மேடை. ஒவ்வொரு வகுப்புப் பிள்ளைகளும் கூட்டமாக ஏறிப் பாடுவார்கள். எந்த வகுப்பு நன்றாகப் பாடுகிறதோ, அந்த ஆசிரியருக்குத் தாமரை இலையைப் பொன்னாடையாகப் போர்த்துவார்கள்.

விழாத் தலைவர் மயில் நீலமேகம். "இரண்டே வார்த்தை பேசி அமர்கிறேன்!" என்று எழுந்தாரானால், கேட்பவர்களுக்குக் கால் மரத்துப்போகும். ஆனாலும் அவரைத்தான் முன்வரிசையில் உட்காரவைப்பார்கள். பாம்பு என்றால் அவருக்குப் பலகாரம் மாதிரி. அவர் இருக்கிறார் என்ற தைரியத்தில்தான் குருவிகள்கூடக் குஞ்சுகளோடு விழாவுக்கு வந்தன.

போன வருட விழாவில் வடிவாம்பாளின் மானம் கப்பலேறியது.

அவளுடைய வகுப்பு நன்றாகத்தான் பாடத் தொடங்கியது. பாட்டு பாதி போய்க்கொண்டிருக்கும்போது, தலைவரின் மகள் முகிலா "க்யாவ்!" என்று ஒரு குரல் எடுத்தாள். பக்கத்தில் நின்ற வாத்துக் குஞ்சு பயந்து "குவாக்!" என்றது. காக்கைக் குஞ்சுக்கு அது போதாதா? அதுவும் சேர்ந்துகொண்டது. பிறகு பாட்டு எங்கே போனது, தாளம் எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. தொந்தியப்பர் சிரித்த சிரிப்பில் கால் வழுக்கித் தண்ணீரில் விழுந்து, அங்கேயும் சிரித்தார்.

அடுத்த வாரமே சில பெற்றோர் பிள்ளைகளைக் கிழக்குக் கரைக்கு மாற்றிவிட்டார்கள். வடிவாம்பாளுக்கு இரையே இறங்கவில்லை.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா என் வகுப்பையே மூட வேண்டியதுதான்!" என்று அவள் தன் கணவனிடம் புலம்பினாள். அந்தப் பயம் நியாயமான பயம்தான். அந்தப் பயத்தில் அவள் செய்த காரியம்தான் நியாயமில்லாதது.

முதலில் முகிலாவைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"முகிலா, கண்ணு, உன் குரல் இன்னும் பக்குவப்படலைடா. இந்த வருஷம் நீ பாட வேண்டாம். வாயை மட்டும் அசை. சத்தம் வரக் கூடாது. மத்தவங்க பாடுவாங்க."

"பார்க்கிறவங்களுக்குத் தெரிஞ்சுடாதா டீச்சர்?"

"கூட்டத்துல ஒருத்தி பாடலைன்னா யாருக்குத் தெரியும்? இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும். அப்பாகிட்டகூடச் சொல்லாதே!"

முகிலா தலையை ஆட்டினாள். அன்று வகுப்பில் பாட்டு கொஞ்சம் சுத்தமாகக் கேட்டது. வடிவாம்பாளுக்கு நாக்கில் தேன் தடவினாற்போல இருந்தது.

அடுத்து வாத்துக் குஞ்சைக் கூப்பிட்டாள். "உனக்குச் சுருதி சேரலை. வாயசைத்தால் போதும். யாருக்கும் சொல்லாதே!" பாட்டு இன்னும் சுத்தமானது. பிறகு காக்கைக் குஞ்சு. பிறகு தாளம் தப்புகிற கிளிக் குஞ்சு. பிறகு மூச்சுப் பிடிக்கத் தெரியாத கௌதாரிக் குஞ்சு. ஒவ்வொன்றிடமும் தனித்தனியாக, இரகசியமாக, அதே வார்த்தைகள்தான். ஒருவர் வாயை மூட மூடப் பாட்டு தெளிந்துகொண்டே போனது. கடைசியில் சுமாராகப் பாடுகிறவர்களையும் அவள் விட்டுவைக்கவில்லை.

மிஞ்சியது தையல்சிட்டு பைரவி ஒருத்திதான். அவள் குரல் குளத்தின் அக்கரைவரை போகும். பாடத் தொடங்கினால் கண்ணை மூடிக்கொள்வாள். பாட்டு முடிந்த பிறகுதான் திறப்பாள். தன்னைச் சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் பாடுகிறார்கள் என்றே அவள் நம்பிக்கொண்டிருந்தாள். நம்மோடு சேர்ந்து இவர்கள் எவ்வளவு மெதுவாக, அடக்கமாகப் பாடுகிறார்கள் என்று அவளுக்கு மனதுக்குள் பாராட்டு வேறு.

ஒரு பக்கம் சரிசெய்தால் இன்னொரு பக்கம் பயம் முளைத்தது. மேடையில் யாராவது திடுக்கிட்டுக் கத்திவிட்டால்? அதற்கும் வடிவாம்பாள் ஒரு பயிற்சி கண்டுபிடித்தாள். பிள்ளைகள் வாயசைத்துக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து பனங்கொட்டையைத் தண்ணீரில் தள்ளிவிடுவாள். 'தொபுக்' என்று சத்தம் வரும். எது "ஐயோ!" என்கிறதோ, அது அன்றைக்கு வகுப்பை விட்டு வெளியே நிற்க வேண்டும்.

"இடியே விழுந்தாலும் உங்க தொண்டையிலிருந்து சத்தம் வரக் கூடாது! வந்தா விழாவுக்கு வர வேண்டாம்!"

முதலில் எல்லாம் கத்தின. பிறகு முக்கின. பிறகு கண்ணை மட்டும் விரித்தன. விழா நெருங்கியபோது கண்ணைக்கூட விரிக்கவில்லை. வடிவாம்பாள் பூரித்துப்போனாள். இப்படி ஒழுக்கமான வகுப்பு இந்தக் குளத்தில் எவனுக்கு வாய்த்தது!

வீட்டில் பெற்றோர்கள் கேட்காமல் இல்லை. "எங்கே, ஒரு பாட்டுப் பாடு பார்ப்போம்!" என்பார்கள். பிள்ளைகள், "தொண்டையைப் பத்திரமா வச்சுக்கச் சொல்லியிருக்காங்க டீச்சர்" என்று நழுவிவிடும். பெற்றோர்களுக்கு அதிலும் ஒரு பெருமை.

இதையெல்லாம் இன்னொருவரும் தினமும் கேட்டுக்கொண்டிருந்தார். மேடைப் பாறைக்கு எதிரே ஒரு கோவைக்கொடிப் புதர் இருந்தது. அதன் அடியில் ஒரு வளை. வளைக்குள் ஒரு சாரைப்பாம்பு.

விழா நாள் வந்தது. குளக்கரை கொள்ளாத கூட்டம். தங்கள் பிள்ளை நன்றாகத் தெரிய வேண்டும் என்று பெற்றோர்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு முன்னால் வந்தார்கள். நீலமேகம் இரண்டு வார்த்தை பேச எழுந்து, தன் தாத்தா காலத்து விழாவில் ஆரம்பித்தார். கொக்குகள் நின்றபடியே தூங்கி எழுந்தன. தொந்தியப்பரின் பிள்ளைகள் முதலில் பாடிவிட்டு இறங்கினார்கள். சுமார்தான். ஆனால் எல்லோரும் பாடினார்கள்.

அடுத்து வடிவாம்பாள் வகுப்பு.

விழாவில் ஒரு சட்டம் உண்டு. ஆசிரியர்கள் மேடைப் பக்கம் நிற்கக் கூடாது. பிள்ளைகள் தாமாகப் பாட வேண்டும். வடிவாம்பாள் அதற்கும் வழி வைத்திருந்தாள். யாரும் பார்க்காத நேரத்தில் கோவைக்கொடிப் புதருக்குள் புகுந்துகொண்டாள். கூட்டத்துக்குப் புதரின் இலைகள் மட்டும்தான் தெரியும். பிள்ளைகளுக்கு மட்டும் கொடிகளின் இடுக்கு வழியாக டீச்சர் தெரிவாள். இறக்கையைத் தூக்கினால் வாய் திறக்க வேண்டும். இறக்கினால் மூட வேண்டும்.

அவள் இறக்கையைத் தூக்கினாள். எல்லா வாய்களும் ஒன்றாகத் திறந்தன. பைரவி கண்ணை மூடிக்கொண்டு பாடத் தொடங்கினாள்.

கூட்டம் அசந்துபோனது. இத்தனை பிள்ளைகள் பாடுகின்றன, ஒரே குரலாகக் கேட்கிறதே! இலையசைவுகூட இல்லை. தொந்தியப்பரின் முகம் தொங்கிப்போனது. வடிவாம்பாள் அதை இலை இடுக்கு வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டாள். போன வருடம் தண்ணீரில் விழுந்து சிரித்த முகம்தானே! அவளுக்கு உச்சி குளிர்ந்தது.

திரும்பிப் பிள்ளைகளைப் பார்த்தாள். இன்று அவர்கள் வாயசைப்பில் என்ன ஓர் உயிர்! முகிலாவின் கண்கள் அகன்று விரிந்திருந்தன. வாத்துக் குஞ்சின் உடம்பு நடுங்கியது. கிளிக் குஞ்சின் கண்ணில் நீரே வந்துவிட்டது. பாட்டின் உருக்கத்தை முகத்தில் எப்படிக் கொண்டுவருகிறார்கள் பார் என்று வடிவாம்பாள் தனக்குள் மெச்சிக்கொண்டாள்.

பைரவி மூச்சு வாங்க நிறுத்தினாள். அந்த இடத்தில் எல்லோரும் வாயை மூட வேண்டும். ஆனால் யாரும் மூடவில்லை. அத்தனை அலகுகளும் முன்னைவிட அகலமாகத் திறந்து கிடந்தன. முகிலா கழுத்தை நீட்டி நீட்டி வாயைத் திறந்தாள். திறந்தாள், அவ்வளவுதான், சத்தம் வரவில்லை.

'கெடுத்துட்டாளே, பாவி! இடம் தெரியாம வாயைத் திறக்கிறாளே!' வடிவாம்பாளுக்குக் கோபம் தலைக்கேறியது. இறக்கையை வேகமாகக் கீழே இறக்கினாள். மூடு!

பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டன. பைரவி அடுத்த அடியைத் தொடங்கினாள்.

அப்போதுதான் வடிவாம்பாளின் வால்மேல் ஏதோ கனமாக, வழவழவென்று ஏறியது.

"டீச்சரம்மா, நமஸ்காரம்!" என்றது சாரை. "திரும்பாதீங்க. பிள்ளைகள் பாட்டு கெட்டுடும்."

வடிவாம்பாள் திமிறினாள். பறக்கப் பார்த்தாள். வால் நகரவில்லை. பாம்பின் உடம்பு அதன்மேல் அழுந்திக் கிடந்தது.

"பாம்பு..." என்று வாயெடுத்தாள். குரல் வரவில்லை.

"எத்தனையோ விழா பார்த்துட்டேன். மயில் உட்கார்ந்திருக்கிற கூட்டத்துக்குள்ள வர எனக்கு என்னைக்கும் தைரியம் வந்ததில்லை. ஒரு குஞ்சு கத்தினாப் போதும், என் கதை முடிஞ்சுடும். ஆனா உங்க வகுப்பை தினமும் கேட்டேனே! இடி விழுந்தாலும் சத்தம் வராத பிள்ளைகள்! இப்படிப்பட்ட டீச்சர் கிடைக்க நான் கொடுத்து வச்சிருக்கணும்!"

வடிவாம்பாள் பிள்ளைகளைப் பார்த்தாள். இப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அந்த விரிந்த கண்கள் உருக்கமில்லை. அவை பாட்டு தொடங்கியதிலிருந்தே பாம்பைப் பார்த்துக்கொண்டிருந்த கண்கள். அந்தத் திறந்த வாய்கள் தவறில்லை. அவை அவளுக்காகத் திறந்த வாய்கள். அவளேதான் அவற்றை மூடச் சொல்லியிருக்கிறாள்.

"கத்துங்க!" என்று அலறினாள். "ஐயோ! யாராவது கத்துங்க!"

அந்த அலறல் புதரைத் தாண்டிக் கூட்டத்துக்குக் கேட்டது. அதே நேரம் பைரவி பாட்டின் உச்சியில் நின்றாள். அலறலும் பாட்டும் ஒன்றாகக் கலந்து காற்றைக் கிழித்தன.

"ஆஹா!" என்றது கொக்கு. "மேல் ஸ்தாயியில என்ன ஒரு வீச்சு!"

"பலே! பலே!" என்று நீலமேகம் இறக்கையைத் தட்டினார். கூட்டம் முழுக்கத் தட்டியது. அந்த ஆரவாரத்தில் வடிவாம்பாளின் அடுத்த அலறல் அவளுக்கே கேட்கவில்லை. பாம்பு வாயைத் திறந்தது.

அவள் தன் உயிரையெல்லாம் சேர்த்து ஓர் இழுப்பு இழுத்தாள். 'சரக்' என்று வால் இறகுகள் மொத்தமாகப் பிடுங்கிக்கொண்டு வந்தன. புதரிலிருந்து தெறித்து, உருண்டு, மேடைப் பாறையில் பிள்ளைகளின் காலடியில் போய் விழுந்தாள்.

பாட்டு நின்றது. பைரவி கண்ணைத் திறந்தாள். வாலில்லாத டீச்சரைப் பார்த்து "வீல்!" என்று கத்தினாள். அந்தக் கத்தலில்தான் நீலமேகம் நிமிர்ந்தார். புதருக்குள் ஏதோ நெளிவதைப் பார்த்தார். ஒரே தாவல்! பாம்பு வளைக்குள் விழுந்து மறைந்தது. அவர் அலகில் மைனாவின் இரண்டு இறகுகள்தான் மாட்டின.

கூட்டம் திகைத்து நின்றது.

நீலமேகம் மேடைக்கு ஏறினார். பாம்பு கிடந்த இடத்துக்கும் அவர் மகள் நின்ற இடத்துக்கும் எட்டிப்பிடிக்கும் தூரம்தான்.

"முகிலா! பாம்பு எப்போ வந்துச்சு?"

"பாட்டு ஆரம்பிச்சப்பவே வந்துச்சுப்பா." முகிலா கிசுகிசுத்தாள்.

"பார்த்தியா?"

"பார்த்தேன்."

"மயில் வயித்துல பிறந்துட்டு, பாம்பைப் பார்த்துட்டுச் சும்மாவா நின்னே? நான் எதிர்லதானே உட்கார்ந்திருந்தேன்! ஒரு குரல் கொடுத்திருந்தா வந்திருப்பேனே!"

"டீச்சர் என்னைச் சத்தம் போடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கப்பா. வாயை மட்டும் அசைக்கணும். மத்தவங்க பாடுவாங்க."

"என்கிட்டயும் அதைத்தான் சொன்னாங்க!" என்றது வாத்துக் குஞ்சு, அதுவும் கிசுகிசுப்பாக.

"என்கிட்டயும்!"

"என்கிட்டயும்!"

பைரவி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். "அப்போ... நான் ஒருத்திதான் பாடிக்கிட்டிருந்தேனா?" என்று கேட்டாள். அவள் அழத் தொடங்கினாள்.

கூட்டத்தில் ஒரு தாய் வாத்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. "வருஷம் முழுக்க என் பிள்ளையைப் பாட அனுப்பினேன்னு நினைச்சேனே!" என்றது. தொந்தியப்பரைப் பார்த்தால், அவர்கூடச் சிரிக்கவில்லை. தன் பிள்ளைகளை இழுத்து வயிற்றோடு சேர்த்துக்கொண்டார்.

வடிவாம்பாள் பாறையில் தட்டுத்தடுமாறி எழுந்தாள். வால் போன வலி அவளுக்குத் தெரியவில்லை. பாம்பு அவளைப் பிடித்தது சரி. அவளுக்குப் பதில் முகிலாவைப் பிடித்திருந்தால்? வாத்துக் குஞ்சைப் பிடித்திருந்தால்? அந்தக் குஞ்சு இப்படித்தானே வாயை மட்டும் திறந்துகொண்டு போயிருக்கும்!

"தப்புப் பண்ணிட்டேன் கண்ணுங்களா!" என்று கதறினாள். "இனிமே அந்தச் சட்டமெல்லாம் கிடையாது! பாட வேண்டாம், சும்மா கத்துங்க! சுருதி வேண்டாம், தாளம் வேண்டாம்! எப்படி வேணும்னாலும் கத்துங்க! உங்க குரலை ஒரு தடவை கேட்கணும் எனக்கு!"

அவசரத்தில் அவள் இறக்கையைத் தூக்கினாள்.

பிள்ளைகள் நிமிர்ந்து நின்றன. மயில் குஞ்சும் வாத்துக் குஞ்சும் காக்கைக் குஞ்சும் கிளிக் குஞ்சும், ஒன்றுக்கொன்று இம்மியும் பிசகாமல், ஒரே நேரத்தில் வாயைத் திறந்தன.

ஒரு சத்தமும் வரவில்லை.

தன் பெருமைக்காகப் பிள்ளைகளின் குரலை அடக்கிப் பழக்குகிறவர், ஆபத்து வரும் நேரத்தில் அந்தக் குரலைக் கேட்டுப் பெற முடியாது.